பெருக்கியும் ஸ்பீக்கரும்: பொருத்தம் அறியும் வகை

மலைநாட்டுத் தோட்டங்களில் திருவிழா நாளன்று தப்படிக்கும் கலைஞர்கள் முதலிற் செய்யும் வேலை தீ மூட்டுவதாகும். பனியிலும் மழையிலும் ஈரமேறித் தளர்ந்த தோலைத் தீயின் சூட்டிற் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, உரிய நாதம் எழும்பிய பின்னரே தப்பைத் தோளில் மாட்டுவர். தோல் தளர்ந்திருக்கையில் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஓசை எழாது. அடிப்பவரின் கைதான் சோரும். அளவுக்கு மிஞ்சிக் காய்ச்சினாலோ தோல் கிழிந்துபோகும். அடிக்கும் வலிமை ஒரு பக்கம், அதனை ஏற்கும் பொருள் மற்றொரு பக்கம். இரண்டும் ஒன்றுக்கொன்று இசைந்தால்தான் நல்ல ஒலி பிறக்கும் என்பது அவர்கள் கைப்பழக்கத்தால் அறிந்த உண்மை.

நுவரெலியா, அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா முதலிய இடங்களின் லயன்களுக்குள் இன்று குடிபுகுந்திருக்கும் ஒலிக்கருவிகளுக்கும் அதுவே அடிப்படை. தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள், அல்லது ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூபரும் கொண்ட ஹோம் தியேட்டர் என்பன தோட்டத்து வீடுகளுக்கும் வந்துவிட்டன. அவற்றை வாங்கச் செல்வோர் பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்றே: ‘எத்தனை வாட்?’ உண்மையில், கேட்க வேண்டிய கேள்விகளுள் அது கடைசியானது. அதற்கு முன் கேட்க வேண்டியவை எவை, அவற்றின் விடையைக் கண்டறிவது எங்ஙனம் என்பதே இப்பேச்சின் பொருள்.

இலங்கையில் வானொலி ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பில் முறையாகத் தொடங்கிற்று. அதற்கு வித்திட்டவர் தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வர்ட் ஹாப்பர். அதே 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலாக் என்னும் இருவர், இயங்கு சுருள் ஸ்பீக்கரைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டனர். ஒரு காந்தத்தின் இடைவெளியில் மெல்லிய கம்பிச்சுருள். அச்சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. மின்னோட்டம் மாறுந்தோறும் சுருள் முன்னும் பின்னும் அசையக் கூம்பு காற்றைத் தள்ளும். ஒரு நூற்றாண்டு கழிந்தும் வீடுகளில் உள்ள ஸ்பீக்கர்களிற் பெரும்பாலானவை இந்த அமைப்பிலேயே இயங்குகின்றன.

ஆனால் தோட்டத்து மக்களின் வீடுகளில் நெடுங்காலம் உலர்மின்கலத்தால் இயங்கும் சிறு வானொலிப் பெட்டியே ஒலி கேட்கும் கருவியாக இருந்தது. மின்சாரம் மலைநாட்டிலேதான் பிறந்தது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் எடுத்துரைத்த நீர்மின் திட்டம், 1950இல் லக்சபான மின்நிலையமாக உருவெடுத்தது. அங்குப் பிறந்த மின்சாரம் மலைகளைக் கடந்து கொழும்புக்குச் சென்றது; அம்மலைகளின் மேலேயே இருந்த லயன்களிற் பலவற்றிலோ பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. தாமதமாக வந்த மின்சாரத்தோடு வந்தவை தொலைக்காட்சியும் ஒலிக்கருவிகளும்.

அவற்றை வாங்குவது அங்கு எளிய செயலன்று. நாளொன்றுக்கு 1,000 ரூபாய்ச் சம்பளம் என்பதே ஆண்டுக்கணக்கான கோரிக்கைக்குப் பின் 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வர்த்தமானியில் இடம்பெற்றது. அதன்பின் சம்பளம் உயர்ந்துள்ளதெனினும், ஒரு ஹோம் தியேட்டரின் விலை இன்றும் பல வாரக் கொழுந்தின் விலையாகும். சீட்டுக் கட்டியோ தவணை முறையிலோ, கொழும்பில் வேலை செய்யும் மகனோ மகளோ அனுப்பிய பணத்திலோ வாங்கிய பெட்டி, சில மாதங்களில் கருகிய வாடையோடு அணைந்துபோவதுண்டு. ‘பொருள் கூடாது’ என்று சொல்லிவிடுவர். பொருளின் குறையாகவும் இருக்கலாம். ஆனால் பொருந்தாதவற்றை இணைத்ததனால் நேர்ந்த இழப்பும் அவற்றுட் பலவாகும். அது தவிர்க்கக்கூடிய இழப்பு.

முதலில் இரு கருவிகளின் தொழிலையும் பிரித்தறிதல் வேண்டும். தொலைக்காட்சியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ வரும் மின் குறிப்பு மிக நுண்ணியது. அதனால் ஒரு கூம்பை அசைக்க இயலாது. அந்நுண்குறிப்பின் வடிவம் மாறாமல் அதனை வலிமையாக்கித் தருவது ஆம்பிளிபயர். அதனைப் பெருக்கி என்று குறிப்பிடலாம். பல ஸ்பீக்கர்களுக்குரிய பெருக்கிகளோடு, எந்த ஒலி எந்த ஸ்பீக்கருக்குச் செல்ல வேண்டும் எனப் பிரித்தனுப்பும் அறிவும் சேர்ந்த பெட்டி ரிசீவர் எனப்படும். வலிமையைப் பெற்று அதனைக் காற்றின் அசைவாக மாற்றுவது ஸ்பீக்கர். கொடுப்பது ஒன்று, கொள்வது மற்றொன்று. கொடுப்பவன் தாங்குமளவுக்கு மேல் கொள்பவன் கேட்கலாகாது; இதுவே முதற் பொருத்தம்.

இப்பொருத்தத்தைக் காட்டும் எண் ஓம் என்பது. ஸ்பீக்கரின் பின்புறத்தில் 8 ஓம், 6 ஓம், 4 ஓம் என்று பொறித்திருப்பர். ஸ்பீக்கர் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடையின் அளவு அது. எண் சிறிதாக ஆக, அந்த ஸ்பீக்கர் பெருக்கியிடமிருந்து அதிக மின்னோட்டத்தை இழுக்கும். ஒரு பெருக்கி 20 வோல்ட் அழுத்தத்தைக் கொடுக்கிறது எனக் கொள்க. 8 ஓம் ஸ்பீக்கர் அதிலிருந்து 2.5 அம்பியர் மின்னோட்டத்தைப் பெறும்; ஆற்றல் 50 வாட். 4 ஓம் ஸ்பீக்கராயின் 5 அம்பியரும் 100 வாட்டும் ஆகும். 2 ஓம் ஆயின் 10 அம்பியரும் 200 வாட்டும் ஆகும். பெருக்கியின் உறுப்புகள் 5 அம்பியருக்கு அமைந்தவை என்றால், 10 அம்பியரை அவை எங்ஙனம் தாங்கும்?

தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியை நினைத்தால் இது எளிதில் விளங்கும். தொட்டியிலிருந்து வரும் குழாயில் ஒரு வாயைத் திறந்தால் அளவாக நீர் வரும். பக்கத்தில் இன்னொரு வாயையும் திறந்தால் தொட்டியிலிருந்து இரட்டிப்பு நீர் வெளியேறும். ஸ்பீக்கர்களும் அவ்வாறே. 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று பூட்டியிருக்கும் அதே முனைகளில், ‘இஸ்தோப்பிலும் பாட்டுக் கேட்கட்டும்’ என்று இன்னொரு 8 ஓம் ஸ்பீக்கரைச் சேர்த்தால், பெருக்கி காணும் தடை 16 அன்று, 4. மூன்றாவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 2.7 ஓம். திருமண வீட்டிலும் பொங்கல் நாளிலும் நண்பர்களின் ஸ்பீக்கர்களையெல்லாம் கொண்டுவந்து ஒரே பெட்டியில் பூட்டும்போது நிகழ்வது இதுதான். ஸ்பீக்கர்களின் எண்ணிக்கை கூடக் கூடப் பெருக்கியின் சுமை கூடுகிறது. சிறிது நேரம் நன்றாகவே ஒலிக்கும். பின்னர் சூடேறி அணையும்.

இரண்டு ஸ்பீக்கர்களைத்தான் பூட்ட வேண்டும் என்றால், ஒன்றன் வழியாக மற்றொன்றுக்கு மின்னோட்டம் செல்லுமாறு தொடராக இணைக்கலாம். அப்போது இரண்டு 8 ஓம் சேர்ந்து 16 ஓம் ஆகும். ஒலி சற்றுக் குறையும். ஆனால் பெட்டிக்குத் தீங்கில்லை. ஒரே வகையான இரு ஸ்பீக்கர்களாயின் இம்முறை போதுமானது.

‘பெருக்கியின் ஓமும் ஸ்பீக்கரின் ஓமும் சமமாயிருக்க வேண்டும்’ என்று மூத்த திருத்துநர்கள் கூறுவதுண்டு. அது வால்வுக் காலத்து விதி. வால்வுப் பெருக்கிகளின் வெளிவாயிலில் ஒரு மின்மாற்றி இருந்தது. அதில் 4, 8, 16 ஓமுக்கெனத் தனித்தனி முனைகள் இருந்தன. உரிய முனையில் உரிய ஸ்பீக்கரைப் பூட்டினாற்றான் முழு வலிமை கிடைத்தது. ஸ்பீக்கர் பூட்டாமல் அப்பெருக்கியை ஓட்டினால் மின்மாற்றி பழுதாகவும் கூடும். இன்றைய டிரான்சிஸ்டர் பெருக்கிக்கு விதி வேறு: ஸ்பீக்கரின் ஓம், பெட்டியிற் குறித்த மிகச் சிறிய எண்ணுக்குக் கீழே போகலாகாது, மேலே போனால் கெடுதியில்லை. பெட்டியின் பின்புறத்தில் ‘6 முதல் 16 ஓம்’ என்றிருந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் பொருந்தும். 4 ஓம் ஸ்பீக்கர் பொருந்தாது. இதனை அறிய ஒரு நிமிடம் போதும்.

பழைய ஸ்பீக்கர்களை வாங்குவோர், எழுத்து அழிந்துபோன பெட்டிகளைச் சந்திப்பர். அப்போது மல்டிமீட்டர் உதவும். கம்பியைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் அளந்தால், 8 ஓம் ஸ்பீக்கர் ஏறத்தாழ 6 அல்லது 7 எனவும், 4 ஓம் ஸ்பீக்கர் 3 அல்லது 3.5 எனவும் காட்டும். மீட்டர் நேர்மின்னோட்டத்தால் அளப்பதனாலேயே பொறித்த எண்ணிலும் சற்றுக் குறைவாகக் காட்டுகிறது. எதுவுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது என்பது பொருள்.

கோயில் திருவிழாவில் மரத்திற் கட்டும் குழாய் ஸ்பீக்கரைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் தகும். கோயிலிலிருந்து மேட்டு லயனுக்கும் பள்ளத்து லயனுக்கும் நெடுந்தூரம் கம்பி இழுக்க வேண்டியிருப்பதால், அத்தகைய ஒலியமைப்புகளில் 100 வோல்ட் வழி என்னும் முறையைக் கையாள்வர். லக்சபானவிலிருந்து கொழும்புக்கு உயர் அழுத்தத்தில் மின்சாரம் அனுப்பப்படுவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே: அழுத்தத்தை உயர்த்தி மின்னோட்டத்தைக் குறைத்தால் கம்பியில் வீணாவது குறைகிறது. அங்கு ஒவ்வொரு குழாய் ஸ்பீக்கருடனும் ஒரு சிறு மின்மாற்றி இருக்கும். அந்த வழியில் வீட்டு ஸ்பீக்கரை நேரே பூட்டினால், 8 ஓம் சுருள் 1,250 வாட் ஆற்றலை இழுக்க முற்படும்; கண்ணிமைக்கும் நேரத்தில் கருகிவிடும். வீட்டு முறை வேறு, விழா முறை வேறு. இரண்டையும் கலத்தல் ஆகாது.

இனி வாட் என்னும் எண்ணுக்கு வருதல் பொருந்தும். கடையில் உள்ள பெட்டிகளின் மேல் 1,000, 3,000, 5,000 என்று பெரிய எழுத்துகளில் அச்சிட்டிருக்கும். அருகில் பி.எம்.பி.ஓ. என்னும் எழுத்துகள் சிறிதாக இருக்கும். கண நேர உச்சங்களை எல்லாம் கூட்டிக் கற்பனையாகப் பெருக்கிய தொகை அது; இடைவிடாது கொடுக்கக்கூடிய வலிமை அன்று. அத்தகைய எண்களால் வாங்குவோர் ஏமாறுவதைத் தடுக்கும்பொருட்டு, அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 1974ஆம் ஆண்டிலேயே பெருக்கிகளின் வலிமையை அளக்கும் முறையைப் பற்றி விதி வகுத்தது. 2024இல் அதனைத் திருத்தி மேலும் தெளிவாக்கியது. நம்பத்தக்க அளவு ஆர்.எம்.எஸ். என்று குறிக்கப்படுவது. அதிலும் எத்தனை ஓமுக்கு, எத்தனை ஸ்பீக்கர்கள் ஒருங்கே இயங்குகையில், எவ்வளவு திரிபோடு என்பன சொல்லப்பட்டிருந்தால்தான் அவ்வெண் முழுமையுடையது. 10 விழுக்காடு திரிபோடு 100 வாட் என்பதைவிட, ஒரு விழுக்காட்டுக்கும் குறைந்த திரிபோடு 50 வாட் என்பது மேலான பெட்டி.

எழுத்தைக் கண்டு மயங்காதிருக்க எளிய சோதனை ஒன்றுண்டு. பெட்டியின் பின்புறத் தகட்டில் அது மின்வழியிலிருந்து பெறும் ஆற்றல் குறிக்கப்பட்டிருக்கும். முகப்பில் 1,000 வாட் என்றும் பின்புறத்தில் 60 வாட் என்றும் இருந்தால் எதனை நம்புவது? உள்ளே செல்வது 60 என்றால், அதற்கு மேல் தொடர்ந்து வெளியே வருதல் இயற்கை விதிக்கு மாறானது. வெப்பமாகச் சிறிது கழியும்; எஞ்சியதே ஸ்பீக்கரைச் சேரும். பறித்த கொழுந்தின் நிறையைவிடக் காய்ந்த தூளின் நிறை கூடுதலாக இருக்க முடியாது என்பதைத் தொழிற்சாலையிற் பணிபுரிந்த எவரும் அறிவர்.

அவ்வாறாயின் ஒரு வீட்டுக்கு உண்மையில் எத்தனை வாட் தேவை? அதற்கு ஸ்பீக்கரின் உணர்திறன் என்னும் எண்ணை அறிய வேண்டும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் எவ்வளவு ஒலி எழுகிறது என்பதே அது. டெசிபெல் என்னும் அளவையாற் சொல்வர். 86 டெசிபெல் தரும் ஸ்பீக்கரும் உண்டு. 92 டெசிபெல் தருவதும் உண்டு. வாட்டை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல் மாத்திரமே. ஆகவே, முன்னது 40 வாட்டில் எழுப்பும் ஒலியைப் பின்னது 10 வாட்டிலேயே எழுப்பிவிடும். காதுக்கு ஒலி இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும். அதாவது வாட் பத்து மடங்காக வேண்டும். 50 வாட் பெட்டியைக் கொடுத்துவிட்டு 60 வாட் பெட்டி வாங்குபவர் காதால் உணரத்தக்க வேறுபாடு எதனையும் பெறமாட்டார்.

லயன் காம்பரா ஒன்றின் அளவு பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. அதில் ஸ்பீக்கருக்கும் கேட்பவருக்கும் இடையே இரண்டு மீட்டருக்கு மேல் இராது. 87 டெசிபெல் உணர்திறனுள்ள ஸ்பீக்கர் ஒரு வாட்டில் அவ்விடத்தில் ஏறத்தாழ 81 டெசிபெல் தரும். திரைப்படத்தை நிறைவாகக் கேட்கச் சராசரி 75 டெசிபெல் போதுமானது. அதற்குக் கால் வாட் போதும். வெடியோசையும் மேள ஒலியும் திடீரென எழும்போது சராசரிக்கு மேல் 20 டெசிபெல் தேவைப்படலாம். அது நூறு மடங்கு வலிமை, அதாவது 25 வாட். சுவர்களிற் பட்டுத் திரும்பும் ஒலியும், மற்ற ஸ்பீக்கர்களின் ஒலியும் சேர்வதால் தேவை அதனினும் குறையும். உண்மையான 25 அல்லது 30 வாட் பெருக்கி, அந்த அறைக்கு வேண்டிய அளவினதாகும். அட்டைப் பெட்டியில் அச்சிட்ட ஆயிரங்களுக்குக் கொடுக்கும் பணம், நல்ல ஸ்பீக்கருக்குக் கொடுக்கப்பட வேண்டிய பணம்.

‘100 வாட் தாங்கும் ஸ்பீக்கருக்கு 20 வாட் பெட்டி எந்தத் தீங்கும் செய்யாது’ என்று கருதுவோர் உளர். அஃது எப்போதும் மெய்யன்று. சிறிய பெருக்கியை அதன் எல்லைக்கு மேல் திருகினால், ஒலி அலையின் முகடுகள் வெட்டுண்டு தட்டையாகும். அவ்வாறு வெட்டுண்ட அலையில், மூலத்தில் இல்லாத உச்சத்தொனிகள் மிகுதியாகப் பிறக்கின்றன. அவை நேரே ட்வீட்டர் எனப்படும் சிறு ஸ்பீக்கரைச் சேர்ந்து அதன் மயிரிழை போன்ற சுருளைச் சுட்டுவிடும். ஒலி கரகரத்து, பாடுவோரின் குரல் கீறலாகக் கேட்கத் தொடங்குவதே எச்சரிக்கை. அக்கணமே ஒலியைக் குறைத்தல் வேண்டும். பெரிய பெருக்கியை அளவோடு ஓட்டுவதால் ஸ்பீக்கர் கெடுவதில்லை. சிறியதை அலறவிடுவதாற் கெடும்.

ஹோம் தியேட்டரில் ஸ்பீக்கர்கள் பலவாயினும் தொழில் ஒவ்வொன்றுக்கும் வேறு. முன்புறத்து இடமும் வலமும் இசையைத் தரும். நடுவில் உள்ளது பேச்சைத் தரும். பின்புறத்து இரண்டும் காற்று, மழை, கூட்டத்தின் ஆரவாரம் முதலியவற்றைச் சூழவைக்கும். இவ்வைந்தோடு தாழ்தொனிக்கெனத் தனியே இயங்குவது சப்வூபர்; ஆகவேதான் இவ்வமைப்பை 5.1 என்பர். திரையரங்குகளில் 1992இல் டால்பி டிஜிட்டல் முறையாக அறிமுகமான இது, பின்னர் வீடுகளுக்கு வந்தது. முன்புறத்து மூன்று ஸ்பீக்கர்களும் ஒரே உற்பத்தியாளரின் ஒரே வரிசையைச் சேர்ந்தனவாக இருத்தல் நன்று. இல்லையேல் ஒருவர் பேசிக்கொண்டே நடக்கும்போது குரலின் தன்மை இடத்துக்கிடம் மாறும்.

தனியே வாங்கும் சப்வூபர்கள் பெரும்பாலும் தமக்குரிய பெருக்கியைத் தம் பெட்டிக்குள்ளேயே கொண்டவை. அவற்றிற்கு ஓம் பார்க்க வேண்டியதில்லை. ரிசீவரிலிருந்து ஒரு குறிப்புக் கம்பி சென்றாற் போதும். ரிசீவரின் அமைப்புப் பட்டியலில், சிறு ஸ்பீக்கர்களை ‘சிறியவை’ எனக் குறித்து, 80 ஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலியைச் சப்வூபருக்கு அனுப்பிவிடுவது பொதுவாகப் பொருத்தமான ஏற்பாடு. தாழ்தொனிச் சுமை நீங்கியதும், சிறிய பெருக்கியும் சிறிய ஸ்பீக்கரும் இலேசாக இயங்கும். கம்பியிலும் சிக்கனம் வேண்டாம்: 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி வீட்டுக்குப் போதும். மணியடிக்கும் மெல்லிய கம்பி வலிமையைத் தானே விழுங்கும். கூட்டல், கழித்தல் குறிகளை எல்லா ஸ்பீக்கர்களிலும் ஒரே வகையாகப் பூட்டாவிட்டால் ஒன்றன் கூம்பு முன்னே வரும்போது மற்றொன்று பின்னே போகும், தாழ்தொனி மறைந்துவிடும்.

அறையும் ஒரு கருவியே. 12 அடி நீளமுள்ள அறை ஏறத்தாழ 47 ஹேர்ட்ஸிலும், 10 அடி அகலம் ஏறத்தாழ 56 ஹேர்ட்ஸிலும் தானே ஒலித்தெழும். சப்வூபரை மூலையில் வைத்தவுடன் ‘கும், கும்’ என்று எல்லாப் பாட்டிலும் ஒரே முழக்கம் கேட்பதற்குக் காரணம் அதுவே. அதனை ஆற்றல் என்று மகிழ்வது பிழை. சப்வூபரைக் கேட்பவர் அமரும் இடத்தில் வைத்து ஒலிக்கச் செய்து, அறையைச் சுற்றி நடந்து, எங்கு முழக்கமின்றித் தெளிவாகக் கேட்கிறதோ அங்கு அதனை வைத்தல் அனுபவசாலிகள் கையாளும் முறை.

மேற்குச் சரிவில் உள்ள அட்டன், மஸ்கெலியாப் பகுதிகளில் தென்மேற்குப் பருவமழை தகரக் கூரையில் இறங்கும்போது, படத்தின் பேச்சு ஒன்றும் விளங்காது. அப்போது முழு ஒலியையும் கூட்டுவது வழக்கம்; பேச்சோடு வெடியோசையும் கூடிவிடும். நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் 3 டெசிபெல் உயர்த்துவதே சரியான வழி. உரத்த ஒலியைத் தணித்து மெல்லிய பேச்சை உயர்த்தும் இரவு நேர ஏற்பாடும் பல ரிசீவர்களில் உண்டு.

மலைநாட்டின் ஈரமும் கவனிக்கத்தக்கது. நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிர்ந்த சுவரை ஒட்டி வைத்த ஸ்பீக்கரின் காகிதக் கூம்பிற் பூஞ்சணம் படரும். முனைகளிற் களிம்பு ஏறும். சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி வைத்தலும், முனைகளை ஆண்டுக்கொருமுறை துடைத்தலும் நன்று. ஈரத்துக்கு அஞ்சிப் பெருக்கியின் மேல் துணி போர்த்தினால் காற்றோட்டம் தடைப்பட்டு அது சூடேறும். மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை இடி முழங்கத் தொடங்குமுன், மின்செருகியையும் அன்டெனாக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். ஆளியை அணைத்தல் மட்டும் மின்னலுக்குத் தடையாகாது.

ஆகவே வாங்கும் முறை இதுவாகும். முதலில் அறையை அளத்தல். அடுத்து அவ்வறைக்கேற்ற உணர்திறனும் ஓமும் உள்ள ஸ்பீக்கரைத் தேர்தல். அதன் பின்னரே அந்த ஓமைத் தாங்கி, மெய்யான சில பத்து வாட்டைத் தரும் பெருக்கியை நாடுதல். நன்கு தெரிந்த ஒரு பாட்டைக் கடையிலேயே, வீட்டிற் கேட்கும் அளவில் ஒலிக்கச் சொல்லிக் கேட்டல் வேண்டும். உரக்க ஒலிக்கும்போது எல்லாப் பெட்டியும் நன்றாகவே தோன்றும். மெதுவாக ஒலிக்கும்போதும் பேச்சுத் தெளிந்து கேட்கும் பெட்டியே நல்லது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. அதனை எந்தத் தகட்டிலும் பொறித்திருக்கமாட்டார்கள். லயனில் ஒரு வீட்டின் சுவர் அடுத்த வீட்டின் சுவருமாகும். உயர்தொனி அச்சுவரில் ஓரளவு தடைப்படும். சப்வூபரின் தாழ்தொனி தடையின்றிக் கடந்து செல்லும். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியில், காதொலிக் கருவிகளைக் கேட்போருக்கு 80 டெசிபெல் அளவில் வாரம் 40 மணி நேரம் என்றும், சிறுவர்க்கு 75 டெசிபெல் என்றும் எல்லை கூறப்பட்டுள்ளது. கேட்பவர் தம் காதுக்கு எல்லை வகுத்துக்கொள்ளலாம். சுவருக்கு அப்பால் இருப்பவர்க்கு அந்த உரிமை இல்லை. சப்வூபரைப் பொதுச்சுவரை விட்டு விலக்கி, தடித்த இறப்பர்த் துண்டின் மேல் வைத்து, இரவு ஒன்பது மணிக்கு மேல் அதன் அளவைக் குறைப்பதற்குச் செலவொன்றும் இல்லை.

அச்சுவருக்கு அப்பால் விடியலில் மலையேறிக் கொழுந்து பறிக்க வேண்டிய ஒரு தாய் உறங்கிக்கொண்டிருக்கலாம். சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருக்கலாம். அவர்கள் செவிக்கு எட்டாமலும், தம் வீட்டார் செவிக்கு ஒரு சொல்லும் தப்பாமலும் ஒலிக்கும் கருவியே அந்த வீட்டுக்குப் பொருந்திய கருவி. அதற்குப் பெரிய எண்கள் வேண்டியதில்லை. பெட்டியின் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் இருந்தாற் போதும்.